வெப்பமாகப் போகும் வலு: வாவிக்கரைக் கோபுரங்களின் கணக்கு

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலப்பட்டியாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாகப் படுவான்கரை. கல்லடியிலும் மண்முனையிலும் வலையிறவிலும் பாலங்கள் உண்டு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே சனங்கள் நெடுங்காலம் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். இன்று இந்த இரு கரைகளையும் எந்த நேரமும் இணைத்து வைத்திருப்பது கைத்தொலைபேசி. வயலில் நிற்பவர் மருத்துவமனைக்குப் பேசுகிறார். தோணியில் இருப்பவர் சந்தை விலை கேட்கிறார். பிள்ளை வீட்டிலிருந்தே பாடம் படிக்கிறது.

மாரிக்காலத்தில் இந்த இணைப்பின் அருமை இன்னும் கூடத் தெரியும். வெள்ளம் ஏறினால் படுவான்கரையில் வீதிகள் மூழ்கும், மின்கம்பிகள் அறும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆந் திகதிச் சுனாமியையும் கண்ட கரை இது. 2022 மார்ச் இறுதியிலோ புயலும் வெள்ளமும் இல்லாமலே ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. அப்போது டீசலுக்கும் தட்டுப்பாடு. மின்பிறப்பாக்கி இருந்தும் ஓட்ட முடியாத நிலை. இப்படியான நேரங்களில் தொலைபேசிக் கோபுரம் உயிரோடு இருப்பது அதன் அடியில் உள்ள மின்கலங்களால்தான்.

அந்த மின்கலங்கள் எத்தனை மணி நேரம் தாங்கும்? மின்கலம் எவ்வளவு பெரிது என்பது பாதி விடைதான். கோபுரத்தில் உள்ள வலு விரியலாக்கி, அதாவது அம்பிளிஃபயர், தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் எவ்வளவை அலையாக்குகிறது, எவ்வளவை வெறும் வெப்பமாக்கி விடுகிறது என்பது மற்றப் பாதி. பல பட்டைகளில் ஒரே கோபுரம் வேலை செய்யத் தொடங்கிய பிறகு இந்த இரண்டாம் பாதி இன்னும் சிக்கலாகிவிட்டது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கப் போகிறோம்.

வலு போகும் வழி

மின்சார சபையின் கம்பியில் வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம் கோபுரத்தடியில் 48 வோல்ற்று நேரோட்டமாக மாற்றப்படுகிறது. மின்கலங்கள் நிரம்புவதும் அந்த 48 வோல்ற்றில்தான். அங்கிருந்து வானொலிக் கருவிக்கும், அதற்குள் இருக்கும் விரியலாக்கிக்கும், பிறகு வடிகட்டிகள், கேபிள் வழியாக அன்ரெனாவுக்கும் வலு போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கழிகிறது. ஆனால் மிகப் பெரிய இழப்பு விரியலாக்கியிலேதான். வானொலிக் கருவி உண்ணும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு கோபுரம் மூன்று திசைகளை நோக்குகிறது; ஒவ்வொரு திசையிலும் 900, 1800, 2100 மெகாஹேட்ஸ் என மூன்று பட்டைகள். மொத்தம் ஒன்பது விரியலாக்கிகள். ஒவ்வொன்றும் சராசரி 40 வாற்று அலையாக வெளியிடுகிறது என்று வைத்தால், வெளியே போவது 360 வாற்று. விரியலாக்கியின் வினைத்திறன் 20 சதவீதமானால் உள்ளே 1800 வாற்று கொடுக்க வேண்டும். 1440 வாற்று வெப்பமாகிப் போகும். வினைத்திறனை 45 சதவீதமாக்கினால் 800 வாற்றே போதும்.

இப்போது அடியில் 48 வோல்ற்று, 200 அம்பியர் மணி மின்கலத் தொகுதி ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். அதில் உள்ள சக்தி 9600 வாற்று மணி. அது முழுவதையும் விரியலாக்கிகளுக்கே கொடுத்தால், முதலாவது கோபுரம் ஐந்து மணி நேரம் சொச்சம் தாங்கும். இரண்டாவது 12 மணி நேரம். மின்கலமும் ஒன்று, அன்ரெனாவிலிருந்து வரும் அலையும் ஒன்று. நடுவில் இருக்கும் விரியலாக்கி மாறியதால் மட்டும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் கூடுகிறது. வெப்பம் குறைவதால் குளிரூட்டிக்கும் மின்விசிறிக்கும் போகும் செலவு குறைவது தனிக் கணக்கு.

ஏன் இவ்வளவு வெப்பம்?

விரியலாக்கியின் இதயம் திரான்சிற்றர். அது நிலையான நேரோட்ட வழங்கலை எடுத்து, சிறிய சமிக்ஞையின் வடிவத்திலேயே பெரிய அலையாக வெளியே தருகிறது. வழங்கல் 28 வோல்ற்று என்று கொள்வோம். சமிக்ஞை உச்சத்தில் இருக்கும்போது அந்த 28 வோல்ற்று முழுவதும் அன்ரெனாப் பக்கத்து அலையாக ஊசலாடலாம். சமிக்ஞை சிறிதாக இருக்கும்போது ஊசலாடுவது 10 வோல்ற்றே என்றால், மிச்சம் 18 வோல்ற்று திரான்சிற்றரின் மேலேயே விழுகிறது. அதனூடே மின்னோட்டம் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது வலு. அந்த வலு அவ்வளவும் வெப்பம்.

பாடநூல்கள் விரியலாக்கிகளை வகுப்புகளாகப் பிரிக்கும். எப்போதும் முழு மின்னோட்டம் ஓடும் ஏ வகுப்பின் உச்ச வினைத்திறன் 50 சதவீதம். அலையின் ஒரு பாதிக்கு மட்டும் மின்னோட்டம் ஓடும் பி வகுப்பின் உச்சம் 78.5 சதவீதம். கோட்பாடு தரும் இந்த எல்லைகள் இரண்டும் சமிக்ஞை முழு உயரத்தில் நிற்கும்போது மட்டும் கிடைப்பவை. சமிக்ஞை தாழத் தாழ வினைத்திறனும் தாழும்.

நான்காம் தலைமுறைச் சமிக்ஞையோ பெரும்பாலான நேரம் தாழ்ந்தே கிடக்கிறது. 20 மெகாஹேட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி காவியில் 1200 சிறு அலைகள் ஒன்றாக ஓடுகின்றன. பெரும்பாலான கணங்களில் அவற்றில் சில மேலெழும், சில கீழிறங்கும். கூட்டுத்தொகை மிதமாக இருக்கும். எப்போதாவது பல அலைகளின் முகடுகள் ஒரே கணத்தில் சந்திக்கும். அப்போது உச்சம் சராசரியைப்போல் பல மடங்கு எழும். அந்த உச்சத்தை வெட்டிவிட்டால் தரவு கெடும். அயல் அலைவரிசைகளிலும் இரைச்சல் சிந்தும். ஆகவே விரியலாக்கியை உச்சத்துக்கு ஏற்ற அளவில் கட்டி, சராசரியில் ஓட்ட வேண்டியிருக்கிறது.

உச்சம் சராசரியைவிட 8 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 6.3 மடங்கு, கூடுதல் என்று கொள்வோம். பி வகுப்பில் வினைத்திறன் வலுவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 6.3 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.5. எனவே 78.5 சதவீதம் 31 சதவீதமாக விழுகிறது. இதுவும் குறைபாடே இல்லாத ஒரு திரான்சிற்றருக்கான கணக்கு. நடைமுறையில் இன்னும் குறையும்.

1936இல் கிடைத்த விடை

இந்தச் சிக்கல் கைத்தொலைபேசிக்கு முன்பே இருந்தது. வானொலி நிலையங்களின் பெரிய ஒலிபரப்பிகளும் இப்படித்தான் மின்சாரத்தை வெப்பமாக்கின. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வில்லியம் டொஹேர்ட்டி 1936இல் ஒரு வழி சொன்னார். ஒரு பெரிய விரியலாக்கிக்குப் பதிலாக இரண்டைச் சேருங்கள். முதலாவது எப்போதும் வேலை செய்யும். சமிக்ஞை ஓர் அளவைத் தாண்டும்போது மட்டும் இரண்டாவது விழித்துக்கொள்ளும்.

வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. நமது வாவிக்குக் கடல்வாய் இரண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. நீர் தாழ்ந்திருக்கையில் மணல் திட்டு அடைத்துக் கிடந்தாலும் பாதகமில்லை. வெள்ளம் ஏறி வயலும் வீடும் மூழ்கும் நிலை வந்தால் ஆற்றுவாயை வெட்டி விடுகிறோம். உச்ச வெள்ளத்துக்கென்று ஒரு வாயை ஆண்டு முழுவதும் அகலத் திறந்து வைப்பதில்லை, தேவைப்படும்போது திறக்கிறோம். டொஹேர்ட்டியின் இரண்டாவது விரியலாக்கி செய்வதும் அதுவே.

ஆனால் அவர் கண்டுபிடிப்பின் நுட்பம் இரண்டாவதை விழிக்க வைப்பதோடு நின்றுவிடவில்லை. முதலாவது விரியலாக்கியின் வெளிமுனையில் கால் அலைநீளக் கம்பித்தடம் ஒன்றை வைத்தார். அலைநீளத்தில் காற்பங்கு நீளமுள்ள தடத்துக்கு ஒரு விசேட குணம் உண்டு: ஒரு முனையில் உள்ள தடை கூடினால், மறுமுனையிலிருந்து பார்க்க அது குறைந்ததாகத் தெரியும், குறைந்தால் கூடியதாகத் தெரியும். இதனால் இரண்டாவது உறங்கும்போது முதலாவதுக்குப் பெரிய தடை தெரிகிறது. குறைந்த மின்னோட்டத்திலேயே அது வோல்ற்றளவு முழுவதையும் ஊசலாட்டி, உச்ச வலுவின் காற்பங்கிலேயே முழு வினைத்திறனை எட்டிவிடுகிறது. இரண்டாவது விழித்ததும் முதலாவதுக்குத் தெரியும் தடை குறைகிறது. அதன் வோல்ற்றளவு முழு அளவிலேயே நிற்க, மின்னோட்டம் மட்டும் ஏறுகிறது. திரான்சிற்றரின் மேல் வீணாக விழும் வோல்ற்றளவுக்கு இடமே குறைந்துவிடுகிறது.

அக்காலத்து ஒலிபரப்பிகளின் வினைத்திறனை ஏறத்தாழ 33 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் உயர்த்திய முறை இது. பிற்பாடு வெற்றிடக் குழாய்கள் போய்த் திரான்சிற்றர்கள் வந்தன. மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பரவிய காலத்தில் பொறியியலாளர்கள் டொஹேர்ட்டியின் பழைய தாளைத் தூசு தட்டி எடுத்தார்கள். இன்று உலகெங்கும் கோபுரங்களில் இருக்கும் விரியலாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை அவருடைய வழியில் கட்டப்பட்டவை.

பட்டை கூடினால் சிக்கலும் கூடும்

டொஹேர்ட்டி கையாண்டது ஒரு நிலையத்துக்கு ஒரே மீடிறன். கோபுரமோ பல மீடிறன்களில் பேசுகிறது. இலங்கையில் 900, 1800, 2100 மெகாஹேட்ஸ் பட்டைகள் கைத்தொலைபேசிக்கும், 2300 மெகாஹேட்ஸ் வீட்டு இணையத்துக்கும் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விரியலாக்கி வைப்பது ஒரு முறை. ஒரே கருவியில் இரண்டு, மூன்று பட்டைகளை அடக்கினால் கோபுரத்தில் பாரம் குறையும், காற்றுப் பிடிப்பும் குறையும், செலவும் குறையும். ஆனால் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, அந்தக் கால் அலைநீளத் தடமே. 900 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் வெளியில் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். அதில் காற்பங்கு 8.3 சென்ரிமீற்றர். 1800 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் அதில் பாதி. ஆகவே 900க்குக் காற்பங்கான அதே தடம் 1800க்கு அரைப்பங்காகிவிடுகிறது. அரை அலைநீளத் தடம் தடையைத் தலைகீழாக்காது. உள்ளதை உள்ளபடியே காட்டும். 900இல் அற்புதமாக வேலை செய்த டொஹேர்ட்டி விரியலாக்கி 1800இல் தன் சிறப்பை முழுதாக இழந்துவிடும். இதற்கு மாற்றாக, வெவ்வேறு அகலமும் நீளமும் கொண்ட பல துண்டுத் தடங்களைத் தொடுத்து, இரண்டு மீடிறன்களிலும் காற்பங்கு போலவே நடந்துகொள்ளும் வலைப்பின்னல்களை வடிவமைக்கிறார்கள். பல்பட்டை விரியலாக்கி ஆய்வில் பெரும் உழைப்பு போவது இந்தச் சில சென்ரிமீற்றர்ச் செப்புத் தடத்தில்தான்.

இரண்டாவது தடை திரான்சிற்றரின் உடலிலேயே இருக்கிறது. எந்தத் திரான்சிற்றருக்கும் வெளிமுனையில் ஒரு கொள்ளளவம் உண்டு. மீடிறன் கூடக் கூட அது அலையைத் தன் வழியே ஒழுக விடும். ஒரு மீடிறனில் அதைச் சமன் செய்யலாம். அகன்ற எல்லையில் சமன் செய்வது கடினம். இங்கேதான் கலியம் நைத்திரைட்டு கைகொடுத்தது. சிலிக்கனின் சக்தி இடைவெளி 1.1 இலத்திரன் வோல்ற்று. கலியம் நைத்திரைட்டுக்கு 3.4. இதனால் அது உடைந்து போகாமல் கூடிய வோல்ற்றளவைத் தாங்கும். அதே வலுவைச் சின்னத் திரான்சிற்றரிலேயே எடுக்கலாம். சின்னதென்றால் கொள்ளளவமும் சின்னது. நீல நிற எல்.ஈ.டி. விளக்குக்காக 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவர் பண்படுத்திய பொருளும் இதுதான். வீட்டு விளக்கைச் சிக்கனமாக்கிய அதே படிகம் கோபுரத்தையும் சிக்கனமாக்குகிறது.

மூன்றாவது தடை கணிதம் சார்ந்தது. இரண்டு பட்டைகளை ஒரே விரியலாக்கியில் ஒரே நேரத்தில் ஓட்டும்போது சராசரி வலு இரட்டிப்பாகும். ஆனால் இரண்டின் உச்சமும் சந்திக்கும் கணத்தில் வோல்ற்றளவு இரட்டிப்பாகி, வலு நான்கு மடங்காகும். அதாவது உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி இன்னும் 3 டெசிபெல் விரியலாம். விரியலாக்கியை இன்னும் தாழ்ந்த அளவில் ஓட்ட நேரும். வினைத்திறன் இன்னும் விழும். அதனால்தான் உச்சங்களைத் தரவு கெடாத அளவுக்கு முன்கூட்டியே மழுக்கும் கணிப்பு நுட்பம் இன்று ஒவ்வொரு கருவியிலும் இருக்கிறது.

அதோடு எண்முறை முன்திருத்தம் என்றொரு உபாயமும் உண்டு. சிக்கனமாக ஓடும் விரியலாக்கி அலையைச் சற்றுத் திரித்தே வெளியிடும். எப்படித் திரிக்கும் என்று கருவி தொடர்ந்து அளந்து, அதற்கு எதிரான திரிபை முன்பே சமிக்ஞையில் கலந்து அனுப்புகிறது. இரண்டு திரிபுகளும் ஒன்றையொன்று கழித்துவிட, அன்ரெனாவில் சுத்தமான அலை கிடைக்கிறது. பல்பட்டையில் ஒரு பட்டையின் ஏற்ற இறக்கம் மற்றப் பட்டையையும் திரிக்கும். எனவே ஒவ்வொரு பட்டைக்கும் திருத்தம் போடும்போது அடுத்ததன் வீச்சத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். இந்தக் கணிப்புக்கும் மின்சாரம் வேண்டும். பெரிய கோபுரத்தில் அந்தச் செலவு மிச்சத்தின் முன் சிறிது. சில வாற்று மட்டும் வெளியிடும் சின்னக் கருவியில் திருத்தம் உண்ணும் வலுவே மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும். எதை எங்கே பயன்படுத்துவது என்பதே வடிவமைப்பாளரின் திறமை.

உப்புக்காற்றின் பங்கு

விரியலாக்கியை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அதற்கும் அன்ரெனாவுக்கும் இடையில் இழப்பு காத்திருக்கிறது. பழைய கோபுரங்களில் கருவி நிலத்தில் உள்ள அறையில் இருக்கும். அலை தடித்த செப்புக் கேபிளில் மேலே ஏறும். 1800 மெகாஹேட்ஸில் ஐம்பது மீற்றர்க் கேபிளிலும் அதன் பொருத்துகளிலும் ஏறத்தாழ 3 டெசிபெல் கழியும். 3 டெசிபெல் என்றால் சரிபாதி. இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய அலையில் பாதி கேபிளைச் சூடாக்குவதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இப்போது வானொலிக் கருவியையே அன்ரெனாவுக்குப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அறை குளிரூட்டியும் தேவையில்லாமல் போகிறது. அண்ணாந்து பார்த்தால் நீண்ட அன்ரெனாப் பலகைகளுக்குப் பின்னால், துடுப்புத் துடுப்பாக வெப்பத்தகடுகள் கொண்ட பெட்டிகள் தெரியும், அவைதான்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் கோபுரத்துக்கு இன்னொரு பகைவன் உப்புக்காற்று. பொருத்துகளிலும் ஆணிகளிலும் துரு ஏறினால், உலோகத்தோடு உலோகம் தொடும் இடத்தில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகும். அது குறைகடத்திபோல நடந்துகொண்டு, அதனூடே போகும் இரண்டு பட்டை அலைகளைக் கலந்து புதிய மீடிறன்களைப் பிறப்பிக்கும். 1840 மெகாஹேட்ஸில் போகும் அலையும் 950 மெகாஹேட்ஸில் போகும் அலையும் துருப்பிடித்த ஒரு பொருத்தில் கலந்தால், அவற்றின் வித்தியாசமான 890 மெகாஹேட்ஸில் ஒரு போலி அலை பிறக்கும். 900 பட்டையில் கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் எல்லைக்குள் அந்த 890 விழுகிறது. படுவான்கரையின் ஓரத்து வயலிலிருந்து வரும் நலிந்த சமிக்ஞை அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். அப்போது கைத்தொலைபேசி தன் வலுவை ஏற்றிப் பார்க்கும். கையில் உள்ள மின்கலமும் சீக்கிரம் இறங்கும்.

ஒரே ஒரு பட்டை மட்டும் ஓடிய காலத்தில் இத்தனை சேர்க்கைகள் இல்லை. பட்டைகள் கூடக் கூட, துருப்பிடித்த ஓர் ஆணியும் கணக்கில் வருகிறது. பொருத்துகளைக் குறித்த இறுக்கத்துக்கே முறுக்குவதும், நீர் புகாமல் சுற்றிக் கட்டுவதும், மாரிக்கு முன் மேலே ஏறிச் சோதிப்பதும் கரையோரக் கோபுரத்தில் வலுச் சேமிப்பின் ஒரு பகுதிதான். ஆய்வுகூடத்தில் பத்துச் சதவீதத்தை மீட்க ஆண்டுகள் ஆகின்றன. கவனமில்லாத ஒரு பொருத்து அதை ஒரே மாரியில் தின்றுவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி

விரியலாக்கியைத் திருத்துவதோடு, தேவையில்லாத நேரத்தில் அதை உறங்க வைப்பதும் பெரிய சேமிப்பு. நள்ளிரவுக்குப் பின் படுவான்கரைக் கிராமமொன்றில் மூன்று பட்டைகளும் முழுதாக விழித்திருக்கத் தேவையில்லை. இங்கே 900 மெகாஹேட்ஸ் பட்டைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஒரே தன்மையான அன்ரெனாக்கள் இருக்க, வெட்டவெளியில் அதே தூரத்துக்கு 1800 மெகாஹேட்ஸுக்கு வேண்டிய வலுவில் காற்பங்கே 900க்குப் போதும். தென்னந்தோப்பையும் அது கூடுதலாக ஊடுருவும். ஆகவே மின்சாரம் நின்றதும் மேல் பட்டைகளை ஒவ்வொன்றாக அணைத்து, 900ஐ மட்டும் கடைசிவரை வைத்திருந்தால் அதே மின்கலம் பல மடங்கு நேரம் தாங்கும். படம் பார்க்க முடியாது. ஆனால் தோணியைத் தேடவும் நோயாளர் வண்டியை அழைக்கவும் முடியும்.

புதிய கோபுரம் வரும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, வேகம் எவ்வளவு, எத்தனையாவது தலைமுறை என்பதே. அந்த ஆவல் நியாயமானது. ஆனால் ஒவ்வொரு புதிய பட்டையும் ஒரு புதிய சுமை. அந்தச் சுமையைத் தாங்கும் சிக்கனம் கூடவே வராவிட்டால், நல்ல நாளில் வேகமாக ஓடும் கோபுரம் கெட்ட நாளில் முதலில் விழும். எனவே பிரதேச சபையிலும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவக் கூட்டங்களிலும் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: மின்சாரம் போன பிறகு இந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் பேசும்? அதற்கான விடை மணிக்கணக்கில் எழுத்தில் கிடைக்க வேண்டும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. உப்புக்காற்றில் பொருத்துகள் எப்படித் தேய்கின்றன, வாவி நீரின் மேலே அலைகள் எப்படிப் பரவுகின்றன, மாரியிலும் கோடையிலும் அது எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் இங்கே இருந்துதான் அளக்க முடியும். வேறு நாட்டு ஆய்வுகூடத்தில் சீராக்கிய விரியலாக்கி இந்தக் கரைக்கு ஏற்றதாவது அத்தகைய அளவீடுகளால்தான். வெப்பமாகப் போகும் வலுவில் ஒவ்வொரு வாற்றையும் மீட்பது, மின்சாரம் அற்ற ஓர் இரவில் வாவியின் இரு கரைகளும் ஒன்றையொன்று கூப்பிடக் கிடைக்கும் நிமிடங்களை மீட்பதாகும். அந்த நிமிடங்களைக் கணக்கில் எடுத்துக் கோபுரங்களைக் கட்டும்படி கேட்பது நம் உரிமை.